தொழிற்சங்கம், கட்சிகளுக்கு மக்கள் தொடர்பு வேலை: புதுச்சேரியில் பிழைக்க முடியுமா?

இதழியல் படித்தவர், புதுச்சேரியிலேயே இருந்துகொண்டு சங்கத்துக்கோ கட்சிக்கோ மக்கள் தொடர்பு வேலை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கலாம். ஆனால் சங்கத்தில் பெரிய சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள், சந்தாவில் ஓடும் அமைப்பு அது. காசு தேர்தல் நேரத்தில் கட்சிப் பக்கம்தான்.

சங்கமும் பத்திரிகையும் கைகோப்பது இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில், போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் தலைவர் வ. சுப்பையா, 1934-லேயே 'சுதந்திரம்' என்று பத்திரிகை தொடங்கியவர்.

வேலை எப்படி இருக்கும்? நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்கிறார்கள் என்று வையுங்கள். தலைவர் இரண்டு பக்கம் கண்டன அறிக்கை தருவார். நிருபருக்கு வேண்டியது நாலே வரி: எத்தனை பேர், எத்தனை வருடமாக, என்ன கூலி, என்றைக்குப் போராட்டம். அதை எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோட் எழுத்தில் தட்டி, ஒரு படத்தோடு சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அறிக்கையை ஸ்கேன் செய்து படமாக அனுப்பினால் நிருபரிடம் திட்டு விழும், நானே வாங்கியிருக்கிறேன்.

கட்சி வேலைக்குச் சட்டமும் தெரிய வேண்டும். தேர்தல் நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. டிவி விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் டிவியில் பிரசாரம் கூடாது.

சரி, எங்கே தொடங்குவது? ஏதாவது ஒரு சங்கத்துக்கு மே தின நோட்டீஸ் எழுதிக் கொடுங்கள். தலைவர் அதில் எத்தனை 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' சேர்க்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.