கழற்றிவைக்க அது செருப்பா?

கேள்வி: மகள் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தாலே ஆங்கில ரீச்சர் எரிந்து விழுகிறார். ஆசிரியர்கள் தங்கள் உணர்ச்சிகளை வகுப்பு வாசலிலேயே கழற்றிவைத்துவிட்டு வரக் கூடாதா?
- ஒரு தாய், அம்பிளாந்துறை

பதில்: செருப்பைத்தான் வாசலில் கழற்றலாம் அம்மா. குருக்கள்மடத்துத் துறையில் ‘பாதை’ என்கிற படகுக்குக் காத்துநின்று, வாவி கடந்து உங்கள் ஊருக்கு வருகிறவரின் களைப்பு அவரோடுதான் வகுப்புக்குள் வரும். கணித ஆசிரியருக்கும் அதே களைப்புத்தான். ஆனால் அவர் தமிழில் பேசிச் சமாளித்துவிடுவார். ஆங்கில ரீச்சரோ தனக்கே முழுதாகக் கைவராத மொழியில் பாடம் முடியும்வரை வாய் திறந்தாக வேண்டும். பிழையை யாரும் பிடித்துவிடுவார்களோ என்ற பயம்தான் பல வேளை பிள்ளைமேல் கோபமாகப் பாய்கிறது.

பிறமொழி வகுப்பில் மாணவருக்கு வரும் பயத்தை அளக்க, மொழிக்கல்வி ஆய்வாளர் எலேன் ஹோர்விட்ஸும் இரு சகாக்களும் 1986இல் 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றைத் தந்தார்கள். அதே பயம் ஆசிரியருக்கும் உண்டு என்று ஹோர்விட்ஸ் 1996இல் எழுதினார். பயந்த ஆசிரியர் வகுப்பில் அந்த மொழியைப் பேசுவதையே குறைத்துக்கொள்வார் என்பது அவர் கவலை.

அதை நான் கண்ணால் கண்டேன். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி பின்வாங்கிலிருந்து எழுந்துபோய், கரும்பலகையில் ரீச்சர் எழுதிய வசனத்தைப் பிள்ளைகள் முன்னால் தன் கையால் அழித்துத் திருத்தினார். ரீச்சர் வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றார். மீதிப் பாடம் முழுக்கத் தமிழில் நடந்தது. இப்படித் திருத்துகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை சண்டை பிடித்துவிட்டேன், இனியும் பிடிப்பேன். குறை இருந்தால் ஓய்வறைக்குக் கூப்பிட்டுச் சொல்லட்டும்.

அம்பாறைப் பக்கம் நம் பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவரையும் பார்த்தேன். தமிழில் பேச முயன்று, ‘மாடு வாறார்’ என்றார். வகுப்பே சிரித்தது. அவரும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, சரியாகச் சொல்லித்தரச் சொன்னார். அப்புறம் கடைசி வாங்குப் பையன்கூட உடைந்த சிங்களத்தில் பதில் சொல்லத் தொடங்கிவிட்டான். அவர் எதையும் வாசலில் கழற்றிவைக்கவில்லை; வெட்கத்தையும் சிரிப்பையும் பிள்ளைகளோடு பங்குபோட்டார். அந்த வகுப்பில் பிழைவிட யாருக்கும் பயமில்லை.

சரி, உங்கள் மகள் விஷயம். முதலில் ரீச்சரைத் தனியாகக் கண்டு, ‘பிள்ளை வாய் திறக்கவே பயப்படுகிறாள்’ என்று சொல்லுங்கள். அதோடு, அவருடைய பாடு எப்படி என்றும் கேளுங்கள். அதை யாரும் கேட்பதில்லை. அதற்குப் பிறகும் அவர் பிள்ளையை அவமானப்படுத்தினால் பொறுக்காதீர்கள், நேரே அதிபரிடம் போங்கள்.