கட்டுரை திறந்திருக்கிறது, அதைப் பற்றிய விவரம்?

கேள்வி: நாங்கள் சிலர் சேர்ந்து ஓர் ஆய்விதழ் நடத்துகிறோம். கட்டுரையாளரிடமும் வாசகரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. எல்லாக் கட்டுரைகளும் பிடிஎஃப் வடிவில் இணையத்தில் உள்ளன. கட்டுரைக்கு நிலையான அடையாளமாக அமையும் டிஓஐ எண்ணும் உண்டு. இருந்தும் தேடுவோர் கண்ணில் அவை படுவதில்லை. இதற்கு மேல் எதைத் திறந்து வைப்பது?

பதில்: கட்டுரையைத் திறந்து வைத்துவிட்டீர்கள், ஆனால் அதைப் பற்றிய விவரங்கள், அதாவது மெட்டாடேட்டா, அரைகுறையாகப் பதிவாகியிருக்கக்கூடும். தலைப்பு, ஆண்டு, இணைய முகவரி போன்ற சில விவரங்களை, டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பில் பதிந்தாலே டிஓஐ எண் கிடைத்துவிடும் என்பதால், சிறு இதழ்கள் பல அத்தோடு நின்றுவிடுகின்றன. நூலகப் பட்டியல்களும் ஆய்வுத் தரவுத்தளங்களும் பெரும்பாலும் படிப்பது உங்கள் பிடிஎஃப் கோப்பை அல்ல, அந்தப் பதிவைத்தான்.

உரிமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் அடியில் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்று, பிறர் பயன்படுத்த அனுமதி தரும் உரிமத்தின் பெயரைச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பீர்கள். படிக்கிற மனிதருக்கு அது போதும். ஆனால் பதிவில் உரிமத்துக்குரிய இடம் காலியாக இருந்து, திறந்த அணுகல் இதழ்களின் அடைவான டிஓஏஜேயிலும் உங்கள் இதழ் இடம்பெறவில்லை என்றால், இலவசப் படிகளைத் தேடித்தரும் அன்பேவால் போன்ற சேவை உங்கள் கட்டுரையை ‘வெண்கலம்’ என்ற வகையில் சேர்த்துவிடலாம். படிக்கக் கிடைக்கிறது, ஆனால் மறுபடி வெளியிடவோ மொழிபெயர்க்கவோ உரிமை உண்டா என்பது தெளிவில்லை என்பதே அதன் பொருள். நீங்கள் மனமுவந்து கொடுத்த உரிமை, ஒரு வரி பதியாததால் இல்லாததாகிவிடுகிறது.

கட்டுரை சுட்டும் பிற ஆய்வுகளின் பட்டியலான மேற்கோள் பட்டியலின் கதையும் இதுபோன்றதே. திறந்த மேற்கோள்களுக்கான இயக்கம் 2017இல் தொடங்குவதற்கு முன், கிராஸ்ரெஃபுக்கு மேற்கோள்களோடு வந்த பதிவுகளில் ஏறத்தாழ 1 சதவீதத்தின் மேற்கோள்களே எல்லோரும் பார்க்கும்படி இருந்தன. மற்றவற்றைப் பதிப்பகங்கள் மூடியே வைத்திருந்தன. 2022இல் அங்கே பதியப்படும் மேற்கோள்கள் அனைத்தும் திறந்தவையாகிவிட்டன. ஆகவே இன்று நம்மைத் தடுப்பது பெரிய பதிப்பகங்களின் பூட்டு அல்ல, பட்டியலைப் பதியாமல் விடும் நம்முடைய வழக்கம்தான் (இதைச் சொன்னால் இதழாசிரியர்களுக்குக் கோபம் வருகிறது). பதியாவிட்டால், யார் யாருடைய ஆய்வின் மேல் நின்று எழுதினார்கள் என்ற தொடர்பு அறுந்துபோகிறது; நீங்கள் மேற்கோள் காட்டிய இன்னொரு சிறு இதழும் சேர்ந்தே மறைகிறது.

கிராஸ்ரெஃப் தளத்தில் ‘பங்கேற்பு அறிக்கை’ என்ற பக்கம் இருக்கிறது. அதைப் பார்க்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. வெளியீட்டாளர் பெயரைக் கொடுத்தால், பதிவுகளில் எத்தனை சதவீதத்தில் சுருக்கம், மேற்கோள், ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண், உரிமம், நிதி தந்த அமைப்பின் விவரம் ஆகியவை உள்ளன என்று காட்டும். அங்கே பூஜ்யங்களைக் கண்டால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் துறையில் பதவி உயர்வு முதல் தரவரிசை வரை எல்லாவற்றுக்கும், கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் எண்ணித் தரும் கட்டணத் தரவுத்தளங்களான ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகியவற்றின் கணக்குகளே அடிப்படை. திறந்த தரவுத்தளங்களில் பிழைகள் அதிகம் என்கிறார்களே, அவற்றை நம்பலாமா?

பதில்: பிழைகள் இருப்பது உண்மை. 2022 ஜனவரியில் தொடங்கிய திறந்த தரவுத்தளமான ஓப்பன் அலெக்ஸில் ஒரே ஆய்வாளர் இருவராகப் பிரிந்திருப்பதையும், ஒரே பெயருள்ள இருவர் ஒருவராகக் கலந்திருப்பதையும், கட்டுரையாளரின் நிறுவனப் பெயர் விடுபட்டிருப்பதையும் காணலாம். ஆனால் கட்டணத் தரவுத்தளங்களிலும் பிழைகள் உண்டு; சந்தா கட்டாதவர் அவற்றை முழுமையாகச் சரிபார்க்க வழியில்லை என்பதே வேறுபாடு. ஒருவருடைய பதவி உயர்வைத் தீர்மானிக்கும் கணக்கை அவரே முழுமையாகச் சரிபார்க்க முடியாத நிலையை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மேலும், எந்த இதழைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அங்கே முடிவு செய்பவர்கள் அந்த நிறுவனங்களே. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் வரும் இதழ்களுக்கு அங்கே கிடைக்கும் இடம் சொற்பம்.

ஆய்வுத் தகவலைத் திறந்து வைப்பது பற்றி 2024 ஏப்ரலில் வெளியான பார்சிலோனா பிரகடனம் இதை நேராகவே பேசுகிறது: தான் பயன்படுத்துவதும் உருவாக்குவதுமான ஆய்வுத் தகவல் இயல்பாகவே திறந்திருக்க வேண்டும் என்று, கையொப்பமிடும் நிறுவனம் ஏற்கிறது. அதே ஆண்டில் பிரான்சின் தேசிய ஆய்வு மையமான சிஎன்ஆர்எஸ் ஸ்கோபஸ் சந்தாவையும், சோர்போன் பல்கலைக்கழகம் வெப் ஆஃப் சயின்ஸ் சந்தாவையும் நிறுத்திவிட்டன. பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் லெய்டன் தரவரிசைக்கு ஓப்பன் அலெக்ஸ் தரவை வைத்து ஒரு திறந்த பதிப்பும் வந்தது. உங்கள் துறை உடனே மாறிவிடாது. கட்டணத் தரவுத்தளத்தின் கணக்கோடு திறந்த தரவிலிருந்து எடுத்த கணக்கையும் சேர்த்து வைக்கும்படி கேட்டுப்பாருங்கள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தாலே மதிப்பீட்டுக் குழுவுக்குப் பல விஷயங்கள் தெரியவரும்.

கேள்வி: பழைய இதழ்களின் பதிவுகளை இப்போது திருத்தலாமா? கட்டுரையாளர்களின் ஆர்கிட் எண்களை நாங்களே தேடி நிரப்பிவிடலாம் என்று நினைக்கிறோம்.

பதில்: திருத்தலாம், ஏற்கெனவே பதிந்த டிஓஐயின் விவரங்களைப் புதுப்பிக்கக் கிராஸ்ரெஃப் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் மென்பொருளில் இதழ் நடத்துகிறீர்கள் என்றால், கிராஸ்ரெஃபுக்கு விவரங்களை அனுப்பும் செருகுநிரல் (பிளகின்) அதிலேயே கிடைக்கிறது. உரிமத்தையும் சுருக்கத்தையும் முதலில் முடித்துவிடுங்கள். மேற்கோள்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

ஆனால் 16 இலக்க ஆர்கிட் எண்ணை நீங்களாகத் தேடி நிரப்ப வேண்டாம். ஒரே பெயரில் பலர் இருப்பதால்தான் அந்த எண்ணே உருவானது. கட்டுரையாளர் தம் கணக்கில் உள்நுழைந்து உறுதிசெய்த எண்ணை மட்டும் பதியுங்கள். பழைய கட்டுரையாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். விடை வராவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.