மோனோ வந்த மகனை உதைபந்தாட அனுப்பலாமா?

அக்கா, காய்ச்சல் விட்டு ஒரு வாரமாகியும் மகன் படுத்தே கிடக்கிறான், சோம்பலா, உதைபந்தாட அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். சோம்பல் இல்லை. மோனோ என்பது பெரும்பாலும் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸால் வரும் காய்ச்சல் நோய், அது தரும் அசதி சில வாரம் இழுக்கும். எனக்கு வந்தபோது லயத்துப் படி பன்னிரண்டை ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தேன், ஹட்டன் குளிரிலும் வேர்த்தது.

ஆட்டம் மட்டும் இப்போது வேண்டாம். இந்த நோயில் மண்ணீரல் வீங்கும், அடிபட்டால் கிழியலாம். நோய் தொடங்கி 3, 4 வாரமாவது போகட்டும், அப்புறம் டாக்டரைக் கேளுங்கள். கொழுந்து மூட்டையும் தூக்கக் கூடாது. இடது விலாவுக்குக் கீழே திடீரென்று வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அமொக்சிசிலின் என்ற அன்டிபயாட்டிக் மருந்து குடித்துத் தோலில் தடிப்பு வந்ததென்றீர்களே, மோனோவில் அது அடிக்கடி நடப்பதுதான். ஆனாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். எச்சிலில் பரவும், அவன் தேத்தண்ணிக் கோப்பையில் தங்கச்சி வாய் வைக்காமல் பாருங்கள்.