தினமும் அரை மணி நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 41. கணக்குப் பிரிவில் வேலை. பிள்ளைகளின் படிப்பு, சமையல், மறுநாளுக்கான ஏற்பாடு எல்லாம் முடிய இரவு பத்தாகிவிடும். பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்க ஆசை. ஓவியப் பயிற்சியும் பாதியில் நிற்கிறது. ஞாயிறுதோறும் நான்கு மணி நேரம் உட்காருகிறேன், அடுத்த ஞாயிறுக்குள் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. மற்ற நாட்களில் அரை மணி நேரம்தான் மிஞ்சும். அதில் என்ன கற்றுவிட முடியும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நிறையவே முடியும். ஞாயிற்றுக்கிழமையின் நான்கு மணி நேரத்தைவிட அந்த அரை மணி நேரத்தைத்தான் நான் நம்புவேன்.

1978-ல் உளவியலாளர் ஆலன் பேட்லியும் அவரோடு லாங்மனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்தபோது செய்தது. சிலருக்கு நாளுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி, சிலருக்கு நான்கு மணி நேரம். விசைப்பலகை பழக ஒரு மணி நேரக்காரர்களுக்கு மொத்தம் சுமார் 35 மணி நேரம் போதுமானதாக இருந்தது. நான்கு மணி நேரக்காரர்களுக்குச் சுமார் 50 ஆனது. நாட்கணக்கில் பார்த்தால் நான்கு மணி நேரக்காரர்கள்தான் முந்தினார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் மணிக்கணக்கில் தட்டுப்பாடு உள்ள உங்களுக்கு முதல் கணக்குத்தான் முக்கியம். இன்னொன்று, குறைந்த நேரத்தில் கற்ற அந்த ஒரு மணி நேரக்காரர்களுக்குத்தான் தங்கள் பயிற்சிமுறை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நாள் இழுக்கிறதே என்ற சலிப்பு. உங்களுக்கும் அது வரும். வந்தால், கற்பது நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு வாரத்தில் மறந்துபோவது உங்கள் வயதால் அல்ல. திரும்பத் தொடாத பாடம் எப்படி நழுவுகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-லேயே எழுதிவிட்டார். இழப்பில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாட்களிலேயே நடந்துவிடுகிறது. ஆறு நாள் இடைவெளி விட்டால் ஒவ்வொரு ஞாயிறும் பழைய பாடத்தை மீட்பதிலேயே போகும்.

சரி, அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்வது? முதல் ஐந்து நிமிடம் எதையும் திறக்காமல், நேற்றுப் படித்ததை வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு பட்டியலில் இருக்கும் எண்களைக் கூட்டும் நிரல் என்றால், ஒவ்வோர் எண்ணாக எடுக்கச் சொல்லும் ஃபார் (for) வரியை நினைவிலிருந்தே எழுதுங்கள். முக்காற்புள்ளி விட்டுப்போகும், உள்ளே தள்ளி எழுத வேண்டியது தள்ளாமல் நிற்கும். போகட்டும். அப்புறம் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். வீடியோவை மறுபடி ஓடவிடுவது சுகமாக இருக்கும், புரிந்தது போலவும் இருக்கும். நினைவிலிருந்து தோண்டி எடுத்தது அதைவிட நிலைத்து நிற்கும். எழுந்திருக்கும் முன், நாளை எங்கே தொடங்குவது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். களைத்துப்போன இரவில் அந்த வரி பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

முடிந்தால் இரவு பத்து மணியை விட்டுவிடுங்கள். நாள் முழுக்க எண்களோடு மல்லாடிய மூளையிடம் அந்த நேரத்தில் புதிதாக ஒன்றைக் கேட்பது கொடுமை. காலையில் அரை மணி நேரம் முன்னால் எழலாம், ஆனால் அந்த அளவு முன்னதாகவே படுக்க வேண்டும். தூக்கத்தை வெட்டிப் படிப்பதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன், கற்றது மனதில் நன்றாகப் படியத் தூக்கம் வேண்டும். சமையலிலோ மறுநாள் ஏற்பாட்டிலோ ஒன்றை வீட்டில் வேறொருவர் ஏற்க வேண்டியிருக்கும். தயங்காமல் கேளுங்கள். எல்லா வேலையும் உங்கள் தலையிலேயே இருக்கும்வரை எந்த அட்டவணையும் உதவாது.

ஓவியத்தைச் சில மாதங்கள் தள்ளி வையுங்கள். இரண்டையும் இந்த அரை மணி நேரத்துக்குள் அடைத்தால் இரண்டுமே நகராது. உங்களுக்கு ஓவியம்தான் அதிகம் பிடிக்கும் என்றால் பைத்தானைத் தள்ளி வையுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எதைத் தேர்ந்தீர்கள் என்று எழுதுங்கள்.