மறு: பர்க் கட்டுரையில் அந்த முரணை எப்படி எழுதுவது?

அமெரிக்கக் குடியேறிகளை ஆதரித்த 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியை மட்டும் ஏன் அப்படித் திட்டினார், இந்த முரணை எப்படி விளக்குவது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் முரணே தெரியவில்லை. 1775இல் அவர் பேசியது, குடியேறிகள் கேட்பது ஆங்கிலேயரின் பரம்பரை உரிமையைத்தான், புதிதாக வரி போட்டு வழக்கத்தைக் கெடுப்பது லண்டன்தான் என்று. 1790இல் பாரிஸ்காரர்கள் மேல் வந்த கோபமும் அதேதான்: இருப்பதையெல்லாம் இடித்துவிட்டு வெறும் கோட்பாட்டை வைத்து நாடு கட்டப் பார்க்கிறார்களே என்று.

அப்புறம், பலரும் விட்டுவிடுவது ஆற்காடு நவாபின் கடன்கள் பற்றி அவர் 1785 பிப்ரவரியில் பேசிய பேச்சை. சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் நவாபுக்குக் கடன் கொடுத்து, அந்தச் சாக்கில் கர்நாடகப் பகுதியின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, ஆற்காடு நவாப் ஆண்ட பகுதி) வருவாயை உறிஞ்சியதைக் கிழி கிழியென்று கிழித்திருப்பார். கம்பெனியின் ஜாகீர் நிலத்துக்கு (நவாப் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பகுதி, நம் செங்கல்பட்டுப் பக்கம்தான்) ஒரு வரைபடத்தை எடுத்து ஏரிகளை உட்கார்ந்து எண்ணியிருக்கிறார், 1,100க்கு மேல் வந்ததாம்! பழைய அரசர்கள் பின்வரும் தலைமுறைகளுக்காக வெட்டி வைத்தவை என்று அவற்றைப் புகழ்கிறார். தலைமுறைகளுக்கு இடையிலான ஒப்பந்தம் என்று 1790இல் எழுதியதற்கு முன்னோட்டம் இங்கேயே இருக்கிறது, கட்டுரையை இதிலிருந்தே தொடங்குங்கள். அவரை டோரி (அன்றைய பிரிட்டனில் மன்னர் பக்கம் சாய்ந்த கட்சி) என்று தப்பித்தவறிக்கூட எழுதிவிடாதீர்கள், அவர் அதற்கு எதிரணியான விக் கட்சிக்காரர்.