சட்டை என்ன விலை? – வாசகர் கேள்வி பதில்

சீனாவில் பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகள் ஆங்கிலப் பரீட்சையில் ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதுகிறார்கள் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குக் காரைக்குடி வட்டாரத்திலிருந்து மட்டும் இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த முறை முழுக்க அவைதான்.

கேள்வி: அந்தப் பரீட்சை உண்மையில் எப்படி நடக்கிறது? கேட்பதற்கு எவ்வளவு மார்க், வாசிப்பதற்கு எவ்வளவு? – முதுகலை ஆங்கில ஆசிரியை, பள்ளத்தூர்

பதில்: விவரமாகவே சொல்கிறேன், டீச்சர். காவ்காவ் என்று அவர்கள் சொல்லும் கல்லூரி நுழைவுத் தேர்வு கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் நின்றுபோய், 1977இல் மறுபடி தொடங்கியது. இப்போது ஜூன் 7, 8 தேதிகளில் ஆங்கிலம் உள்ளிட்ட முக்கியத் தாள்கள் நடக்கின்றன. 2024இல் பதிவு செய்தவர்கள் 1.34 கோடிப் பேர். ஆங்கிலத்துக்கு 150 மார்க், இரண்டு மணி நேரம். பல மாகாணங்கள் எழுதுகிற தேசிய வினாத்தாளில் கேட்டலுக்கு 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மார்க், மொத்தம் 30. வாசிப்புக்கு 50. அதில் நாலு பத்திகளும் அவற்றின் மேல் தலா இரண்டரை மார்க்கில் 15 கேள்விகளும் உண்டு, அப்புறம் ஒரு கட்டுரையில் ஐந்து வாக்கியங்களை எடுத்துவிட்டு ஏழு வாக்கியங்களைக் கொடுத்து சரியானதைச் சரியான இடத்தில் பொருத்தச் சொல்வார்கள். மீதி 70இல் கோடிட்ட இடம், இலக்கணம், எழுத்து எல்லாம் அடங்கும்.

கேட்டல் பகுதியின் அமைப்புதான் எனக்குப் பிடித்தது. முதலில் ஐந்து குட்டி உரையாடல்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். விடையைக் குறித்துவிட்டு அடுத்த கேள்வியைப் பார்த்து வைத்துக்கொள்ளப் பத்து வினாடி. அப்புறம் ஐந்து நீளமான பகுதிகள், இரண்டு தடவை ஒலிக்கும், கேட்கும் முன்பே ஒவ்வொரு கேள்வியையும் படித்துக்கொள்ள ஐந்து வினாடி கிடைக்கும். மாதிரிக்காக வினாத்தாளில் வரும் கேள்வி ஆண்டாண்டாக ஒன்றேதான்: அந்தச் சட்டை என்ன விலை? 19 பவுண்டு 15 பென்ஸா, 9 பவுண்டு 18 பென்ஸா, 9 பவுண்டு 15 பென்ஸா? மூன்றாவதுதான் விடை. அங்கே பரீட்சை எழுதிய தலைமுறைக்கு அந்தச் சட்டையின் விலை மனப்பாடம்.

நம் பிளஸ் டூ பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 90 மார்க் எழுத்து, 10 மார்க் அகமதிப்பீடு. அந்த 90இல் காதால் கேட்டு எழுத ஒரு கேள்வியும் கிடையாது. வினாத்தாளில் இல்லாததை எந்த வகுப்பிலும் ஜனவரிக்கு மேல் யாரும் தொடமாட்டார்கள், அது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: கேட்டலும் வாசிப்பும் எல்லாமே ஏ, பி, சி என்று தேர்ந்தெடுக்கிற கேள்விகள்தானே? கண்ணை மூடிக்கொண்டு குறித்தால்கூட மார்க் வருமே, அது எப்படித் திறனை அளக்கும்? – எம்.எட். மாணவர், காரைக்குடி

பதில்: வரும், தம்பி. கேட்டலில் மூன்று விடைகளில் ஒன்று என்பதால் குருட்டாம்போக்கில் குறித்தாலே சராசரியாக 30க்கு 10 மார்க் விழும். வாசிப்புப் பத்திகளில் நாலில் ஒன்று, அதில் 37.5க்கு 9 மார்க்குக்கு மேல். அதனால் கேட்டலில் 12 வாங்கிய பிள்ளை ‘கொஞ்சம் புரிந்துகொண்டது’ என்று நினைத்துவிடக் கூடாது, ஏறக்குறைய ஒன்றுமே புரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் பெற்றோரிடம் சொல்லும் ஆசிரியர்கள் ரொம்பக் குறைவு.

ஆனால் என் கவலை ஊகத்தைப் பற்றியது அல்ல, தவறான விடைகளை எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பற்றியது. ‘சாயங்காலம் படத்துக்கு வர்றியா?’ என்று ஒருவன் கேட்கிறான், ‘நாளைக்குக் காலையில எனக்குப் பரீட்சை’ என்கிறாள் அவள். வரமாட்டாள் என்பது எங்கேயும் சொல்லப்படவில்லை, கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டும். நல்ல கேள்வியென்றால் சரியான விடையில் ‘படம்’, ‘பரீட்சை’ இரண்டும் இருக்காது, ‘அழைப்பை மறுத்தாள்’ என்று இருக்கும். தவறான விடைகளில்தான் காதில் விழுந்த சொற்கள் அப்படியே இருக்கும். சொல்லை மட்டும் பிடித்தவன் அங்கே மாட்டிக்கொள்வான், பொருளைப் பிடித்தவன் தப்பிப்பான். மோசமான கேள்வியில் இது தலைகீழாக இருக்கும், காதில் விழுந்த சொல் எந்த விடையில் இருக்கிறதோ அதுவே சரியான விடை.

வாசிப்புக்கு ஒரு சோதனை சொல்கிறேன், உங்கள் ஆய்வுக்கு உதவும். பத்தியைக் கொடுக்காமல் கேள்விகளையும் விடைகளையும் மட்டும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் ஒரு கேள்விக்குச் சரியாகக் குறித்துவிட்டால் அந்தக் கேள்வி வாசிப்பை அளக்கவில்லை, பொது அறிவைத்தான் அளக்கிறது; தூக்கிப் போடுங்கள். அடுத்து, திருத்திய தாள்களை மார்க் வரிசையில் அடுக்கி, மேல் மூன்றில் ஒரு பங்கும் கீழ் மூன்றில் ஒரு பங்கும் ஒவ்வொரு கேள்வியிலும் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். நன்றாகப் படிக்கிறவர்களும் படிக்காதவர்களும் சமமாகச் சரி செய்த கேள்வியால் யாரையும் பிரித்துப் பார்க்க முடியாது. கம்ப்யூட்டரே வேண்டாம், ஒரு மாலை நேரம் போதும்.

கேள்வி: பேரன் சிங்கப்பூரில் படிக்கிறான். கூடப் படிக்கிற சீனாக்காரப் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருக்கிறார்களாம், வாயைத்தான் திறப்பதில்லையாம். அப்படியென்றால் நம் பிள்ளைகள்தானே கெட்டி? – ஓர் அப்பத்தா, கானாடுகாத்தான்

பதில்: இல்லை ஆச்சி, அப்படிச் சொல்லிவிட முடியாது. தேசிய வினாத்தாளில் பேச்சுக்கு மார்க் இல்லை, அதனால் பள்ளிக்கூடம் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை, பிள்ளை பேசவில்லை. மார்க் வைத்த இடத்தில் பேசுகிறார்கள். பெய்ஜிங்கில் 2021 முதல் கேட்டலும் பேச்சும் சேர்ந்து 50 மார்க், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தனியாக எழுத வேண்டிய தேர்வு, இரண்டு தடவை எழுதி அதிக மார்க்கை வைத்துக்கொள்ளலாம். குவாங்டாங் மாகாணத்தில் ஒரு கதையைக் கேட்டுவிட்டு அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளை அந்தக் கதை முன்னால் உட்கார வைத்தால்தான் யார் கெட்டி என்று தெரியும். பேரனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன். ஆங்கிலத்தில் எப்போதும் 90க்கு மேல். ஆனால் ஆங்கிலச் செய்தியைப் போட்டால் ஒன்றும் புரியவில்லை அம்மா என்கிறாள். மனப்பாடம் செய்துதான் மார்க் வாங்குகிறாளோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு தாய், தேவகோட்டை

பதில்: பயப்பட வேண்டாம், அம்மா. ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம்தான், சீனாவிலும் ஏராளமான பிள்ளைகளுக்கு இதே நிலைமை.

முதலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள். இரண்டு நிமிடச் செய்தி ஒன்றை, எழுத்து வடிவமும் கிடைக்கிற மாதிரி தேர்ந்தெடுங்கள். ஒரு தடவை கேட்கச் சொல்லி, புரிந்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அதே செய்தியை எழுத்தில் கொடுங்கள். படித்தவுடன் ‘அட, இவ்வளவுதானா’ என்று முழுதும் சொல்லிவிட்டால் அவளுக்கு ஆங்கிலம் தெரியும், காதுதான் பழகவில்லை. எழுத்தில் பார்த்தும் திணறினால் குறை சொல்வளத்திலும் வாக்கிய அமைப்பிலும் இருக்கிறது, அங்கே எவ்வளவு ஒலிப்பதிவு போட்டாலும் பயனில்லை. இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. ஒரே ‘ஆங்கிலம் 93’ என்கிற எண்ணுக்குள் இரண்டையும் போட்டு மூடிவிடுவதுதான் நம் மார்க் ஷீட் செய்கிற அநியாயம்.

காது ஏன் பழகவில்லை? உங்கள் மகள் ஒவ்வொரு சொல்லையும் கண்ணால்தான் சந்தித்திருக்கிறாள். பேச்சில் சொற்கள் அச்சிட்ட மாதிரி இடைவெளி விட்டு வருவதில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாதி விழுங்கப்பட்டு வருகின்றன. சீனப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் சிரமம் உண்டு. அவர்களின் பொதுமொழியில் அசைகள் பெரும்பாலும் உயிரொலியிலோ மூக்கொலியிலோ முடியும், வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறுவதும் இல்லை. ஆகவே ஆங்கில வினையின் கடைசியில் இறந்தகாலத்தைக் காட்டும் அந்தச் சின்ன ‘ட்’ பெரும்பாலும் அவர்கள் காதில் விழுவதில்லை. நமக்குக் காலம் காட்டும் வினை பழக்கம்தான், ஆனால் ‘ஆஸ்க்ட்’ என்கிற மாதிரி மெய்கள் அடுக்கி முடிகிற சொல் பழக்கமில்லை, நாமும் அதைத் தவறவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் ஒரு எளிய கணக்கை முன்வைத்தார்கள்: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். தாய்மொழியில் வாசிக்கக் கற்கிற குழந்தைகளை மனதில் வைத்துச் சொன்னது அது, பள்ளியில் கண்ணால் ஆங்கிலம் கற்ற உங்கள் மகளுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் காது வளர்ந்தால் அவள் வாசிக்கும் வேகமும் கூடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தினமும் பத்து நிமிடம், முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல், இரண்டாம் தடவை பார்த்துக்கொண்டு, மூன்றாம் தடவை மறுபடி பார்க்காமல். படத்தின் கீழே ஓடுகிற வரிகளைப் படித்துக்கொண்டே கேட்டால் அது வாசிப்புப் பயிற்சிதான், கேட்டல் பயிற்சி ஆகாது.

கேள்வி: சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு 2026 முதல் ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு என்கிறார்கள். சீனாவில் ஆங்கிலத்துக்கு இரண்டு வாய்ப்பு இருக்கிறது என்றால் அதில் சிக்கல் ஏதும் வரவில்லையா? – ஒரு தந்தை, கண்டனூர்

பதில்: வந்தது, பெரிய சிக்கலாகவே வந்தது. செஜியாங் மாகாணத்தில் ஆங்கிலத்தை இரண்டு தடவை எழுதலாம், அதிக மார்க் எடுத்துக்கொள்ளப்படும். 2018 நவம்பர் தேர்வில் கேள்விகள் முந்தைய ஆண்டைவிடக் கடினமாகப் போய்விட்டன என்று சொல்லி, யாருக்கும் முன்கூட்டித் தெரிவிக்காமல், சில கேள்விகளுக்கு மட்டும் மார்க்கைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள். அந்தக் கேள்விகளைச் சரியாகச் செய்தவர்களுக்கு ஏறியது, மற்றவர்களுக்கு ஏறவில்லை. பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். விசாரணை நடந்து, கூட்டியதெல்லாம் ரத்தாகி, அசல் மார்க்கே திரும்ப வந்தது.

இரண்டு தாள்களின் கடினம் ஒன்றாக இருக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது, ஐயா. இரண்டிலும் பொதுவாகச் சில கேள்விகளை வைத்தோ, வெளியே போகாமல் முன்பே பரிசோதித்த கேள்விகளைக் கொண்டோதான் ஒரு தாளின் 80ஐயும் மற்றதின் 80ஐயும் ஒப்பிட முடியும். அந்த வேலையைத் தேர்வுக்கு முன்னால், எல்லோருக்கும் தெரிந்த விதிப்படி செய்ய வேண்டும். முடிவு வந்தபின் செய்தால் எவ்வளவு நல்ல கணக்காக இருந்தாலும் மக்கள் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

கேள்வி: நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், மொழி ஆய்வகம் இல்லை, என்னிடம் ஒரு செல்போன்தான். நானும் கேட்டல் தேர்வு வைக்கலாமா? – பட்டதாரி ஆசிரியர், புதுவயல்

பதில்: தாராளமாக வைக்கலாம், வாத்தியார் ஐயா. இந்த வாரமே வையுங்கள்.

இணையத்தில் வெள்ளைக்காரர் குரல் தேட வேண்டாம். உங்கள் குரலிலும் சக ஆசிரியை ஒருவர் குரலிலும் உரையாடலைப் பதிவு செய்யுங்கள், இரண்டு குரல் இருந்தால்தான் யார் பேசுவது என்று பிள்ளைக்குத் தெரியும். போனைச் சின்ன ஸ்பீக்கரில் இணைத்து, மின்விசிறி ஓடும்போது கடைசி பெஞ்சில் நீங்களே போய் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். அங்கே தெளிவாக இல்லையென்றால் நீங்கள் அளப்பது காதின் கூர்மையை, ஆங்கிலத்தை அல்ல.

கேள்விகளைத் தமிழிலேயே கொடுங்கள் என்பது என் கருத்து, இதில் பலர் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். ஆங்கிலத்தில் கேள்வி இருந்தால் கேட்டது புரிந்தும் கேள்வி புரியாமல் ஒரு பிள்ளை மார்க் இழக்கும். கேட்டலையும் வாசிப்பையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ளத்தானே இவ்வளவு பாடு? அதேபோல எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்காதீர்கள்.

எழுதவே வேண்டாத கேள்வியும் வைக்கலாம். காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டிலிருந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போகிற வழியை ஆங்கிலத்தில் சொல்லி, கோட்டுப்படத்தில் எங்கே திரும்ப வேண்டும், கடை எந்தப் பக்கம் என்று குறிக்கச் சொல்லுங்கள். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒன்று சொல்லி, வண்டி தாமதம் ‘ஃபிஃப்டீன்’ நிமிடமா, ‘ஃபிஃப்டி’ நிமிடமா என்று கேளுங்கள், பாதி வகுப்பு தவறவிடும். குட்டி உரையாடலை ஒரே தடவை போடுங்கள். யார் கெஞ்சினாலும் மறுபடி போடாதீர்கள், நீளமானதை மட்டும் இரண்டு தடவை.

மார்க்கைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியதில்லை. திருத்தியதும் எந்தக் கேள்வியில் எத்தனை பேர் சறுக்கினார்கள் என்று மட்டும் குறித்து எனக்கு அனுப்புங்கள், பிள்ளைகளின் பெயர் வேண்டாம். அடுத்த மாதத் தேர்வுக்கான உரையாடல்களை அதைப் பார்த்து நாம் சேர்ந்தே எழுதலாம்.