நெட் தேர்வுக்கு பாக்டீரியா, வைரஸ் மரபியல்: எந்தப் புத்தகம் நல்லது?

"எத்தனை தடவை படித்தாலும் தலையில் நிற்கவில்லை, நல்ல புத்தகம் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இரண்டு தடிப் புத்தகங்களும் ஏதாவது ஒரு கோச்சிங் சென்டரின் ஜெராக்ஸ் கட்டும் இருக்கும். 1928 கிரிஃபித், 1946 லெடர்பெர்க்–டேட்டம், 1952 ஹெர்ஷி–சேஸ் என்று யாருடைய சோதனை எந்த வருடம் என அட்டவணை போட்டு மனப்பாடமும் செய்திருப்பீர்கள். மூன்றாவது புத்தகம் வாங்கினாலும் அதே அட்டவணைதான் இருக்கும். சிஎஸ்ஐஆர் நெட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வின் பகுதி-சியில் வரும் நாலு மார்க் கேள்வி வருடத்தைக் கேட்பதில்லை. ஒரு சோதனையைக் கொடுத்து "என்ன நடக்கும்?" என்றுதான் கேட்கும்.

எம்.எஸ்சி. படித்தபோது விடுதியில் எனக்கு ஒரு சீனியர் அக்கா இருந்தார். நான் ஜீன் பெயர்களைச் சத்தமாக உருப்போடுவதைக் கேட்டுச் சலித்துப்போய், என் நோட்டைப் பிடுங்கி ஒரு வட்டம் போட்டார். "இதுதான் பாக்டீரியா வளர்க்குற பிளேட். இதுல யார் சாவா, யார் பட்டினி கிடப்பா, அதை மட்டும் சொல்லுடி" என்றார். அவர் கொடுத்தது ஊல்மன், ஜாக்கப் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் செய்த சோதனை.

இங்கே இரண்டு வகை ஈ.கோலை பாக்டீரியா: தன் ஜீன்களை வரிசையாக அடுத்த செல்லுக்குக் கொடுப்பது ஹெச்எஃப்ஆர், வாங்கிக்கொள்வது எஃப்-மைனஸ். ஹெச்எஃப்ஆர் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து பட்டால் செத்துவிடும். எஃப்-மைனஸ் அதைத் தாங்கும், ஆனால் அதற்குத் திரியோனினும் லியூசினும் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது. இரண்டையும் கலந்து வைத்து, அவ்வப்போது கொஞ்சம் எடுத்து மிக்ஸியில் அடித்துப் பிரித்து, மருந்து போட்ட, அந்த இரண்டு அமினோ அமிலங்களும் இல்லாத பிளேட்டில் பரப்ப வேண்டும். ஹெச்எஃப்ஆர் மருந்தில் சாகும். எஃப்-மைனஸ் பட்டினியில் கிடக்கும். அப்படியானால் காலனியாக வளர்வது யார்? ஹெச்எஃப்ஆரிடமிருந்து அந்த இரண்டு ஜீன்களையும் வாங்கிக்கொண்ட எஃப்-மைனஸ் மட்டும்தான். அந்தக் காலனிகளில் வேறு என்ன ஜீன் வந்திருக்கிறது என்று பார்த்தால், கலந்ததிலிருந்து ஏஸி என்ற ஜீன் சுமார் 9 நிமிடத்தில், லேக் 18-இல், கேல் 25-இல். ஜீன்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்ற மேப் தானாகவே வந்துவிடுகிறது. "ஹெச்எஃப்ஆரை மருந்தில் சாக வைக்கிற ஜீன் ஏன் தொலைவில், கடைசியில் நுழைவதாக இருக்கணும்?" என்று அக்கா கேட்டார். அது சீக்கிரமே நுழைந்தால், ஜீன் வாங்கிய செல்லும் மருந்துக்குப் பலியாகிவிடுமே! அந்த ராத்திரிக்கு அப்புறம் எனக்கு இந்தப் பாடத்தில் பயம் போய்விட்டது.

மனப்பாடமே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை, அதற்காக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைப் பயன்படுத்த பாக்டீரியா வைத்திருக்கும் ஜீன் கூட்டம்தான் லேக் ஓபரான். அதில் இசட், ஒய், ஏ ஜீன்கள் என்ன செய்கின்றன என்று தெரியாமல் கணக்கு போட முடியாது. ஆனால் அங்கேயும் பிடி ஒன்றுதான். ஐ ஜீன் தரும் ரிப்ரஸர், அந்த ஜீன்களை அடக்கிவைக்கும் ஒரு புரதம். அது செல் முழுக்கச் சுற்றும், இன்னொரு டிஎன்ஏவில் உள்ள ஆபரேட்டரிலும் போய் உட்காரும். ஆபரேட்டர் என்பது ரிப்ரஸர் உட்காரும் வெறும் இடம், தன்னை ஒட்டிய ஜீன்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். இனி ஒரு செல்லில் இரண்டு பிரதி: ஒன்றில் கெட்டுப்போன ஆபரேட்டர், பக்கத்தில் கெட்டுப்போன இசட். மற்றதில் எல்லாம் சரி. லாக்டோஸ் இல்லாமல், அதை உடைக்கும் இசட் என்சைம் வருமா? வராது. ஏன் என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.

இதையெல்லாம் லேபில் ஒரு தடவை செய்து பார்த்தால் பாதி நேரத்தில் புரியும். நான் இப்போது கௌரவ விரிவுரையாளராக வேலை பார்க்கும் கல்லூரியில் அகார் டப்பா பீரோவில் பூட்டி இருக்கிறது. ஆய்வுக்குழு வரும் வாரம் மட்டும் பீரோ திறக்கும், பிளேட்டுகள் வரிசையாக மேசைக்கு வரும். மே மாதம் எங்களுக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் விடைத்தாள் திருத்த மட்டும் கூப்பிடுவார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். இருந்தாலும் நெட் பாஸ் செய்தால் வாழ்க்கை செட்டில் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, வைரஸுக்கு வருகிறேன். லேக் புரிந்தால், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான லேம்டா ஃபேஜ் பாதி முடிந்த மாதிரி. லேம்டா ஒளிந்திருக்கும் செல்லில் அதைத் தூங்க வைக்கும் சிஐ ரிப்ரஸர் நிறைய இருக்கும். அதனால்தான் வெளியிலிருந்து இன்னொரு லேம்டா வந்தாலும் அங்கே அதன் பாச்சா பலிக்காது. லேம்டா உள்ள ஹெச்எஃப்ஆரை, லேம்டா இல்லாத எஃப்-மைனஸோடு சேர்த்தால் டிஎன்ஏ போகும், ரிப்ரஸர் போகாது. ஃபேஜ் விழித்துக்கொண்டு செல்லை உடைத்துவிடும். லேம்டா எஃப்-மைனஸில் மட்டும் இருந்தால் ஒன்றும் நடக்காது. லேக், லேம்டா இரண்டுக்கும் தர்க்கம் ஒன்றுதான் என்பது ஜாக்கப், மோனோவின் 1961 கட்டுரையிலேயே இருக்கிறது. 1965-இல் லுவோஃபோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் கிடைத்தது.

வைரஸ்களை வகை பிரிக்கும் பால்டிமோர் வகைப்பாட்டையும் இப்படியே படியுங்கள். புரதம் செய்வதற்கான செய்தியான எம்ஆர்என்ஏ எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் ஒரே கேள்வி. போலியோவின் ஆர்என்ஏவை, செல்லில் புரதம் செய்யும் ரைபோசோம் நேராகவே படித்துவிடும். ரேபிஸின் ஆர்என்ஏவை அப்படிப் படிக்க முடியாது, அதனால் அது ஆர்என்ஏவைப் பிரதி எடுக்கும் பாலிமரேஸைக் கையோடு கொண்டு வருகிறது.

அப்புறம், பழைய கேள்வித்தாள்கள் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன. அதற்கும் சேர்த்து கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.